மீட்டரில் அணையாத ‘சறுக்கும் கார்’ விளக்கு: உப்புக்காற்று ஊரில் சென்சாரை மாற்றும் முன் என்ன பார்க்க வேண்டும்?

மீட்டரில் ஒரு சின்ன கார், அதன் பின்னால் வளைந்து நெளிந்த இரண்டு கோடுகள். மஞ்சள் நிறத்தில் அந்த விளக்கு அணையாமல் எரிகிறது. வண்டி வழக்கம்போல் ஓடுகிறது, பிரேக்கும் பிடிக்கிறது. ஒர்க்ஷாப்பில் ஸ்கேன் செய்தால் ‘முன் இடது வீல் ஸ்பீடு சென்சார்’ என்று வருகிறது. “சென்சார் போச்சு அண்ணாச்சி, மாத்திடலாம்” என்கிறார்கள். மாற்றுகிறீர்கள். சில வாரங்களில் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது.

தூத்துக்குடி, திருச்செந்தூர், காயல்பட்டினம், வேம்பார், மணப்பாடு என முத்துக்குளித்துறை நெடுக கடலையும் உப்பளத்தையும் ஒட்டி கார் வைத்திருப்பவர்கள் இந்த விளக்கை கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இங்கே காற்றில் இருக்கும் உப்பு சென்சாரை விட வயரையும், கப்ளரையும், சென்சார் உட்காரும் இடத்தையும்தான் முதலில் பதம் பார்க்கும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்காமல் பார்ட்ஸ் மாற்றினால் பணமும் போகும், ஆபத்தும் அப்படியே இருக்கும்.

சுருக்கமாக

- விளக்கு மின்னினால் சிஸ்டம் வேலை செய்கிறது. அணையாமல் எரிந்தால் சிஸ்டம் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது.
- ஸ்கேனரில் வரும் ஃபால்ட் கோடு, எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று மட்டுமே சொல்லும். எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்லாது.
- ‘லைவ் டேட்டா’ பார்க்காமல் சென்சார் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.
- மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்.

இ.எஸ்.சி. என்றால் என்ன?

எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்பதன் சுருக்கம்தான் இ.எஸ்.சி. கம்பெனிக்கு கம்பெனி பெயர் மாறும். மாருதியில் இ.எஸ்.பி., டொயோட்டாவில் வி.எஸ்.சி., ஹோண்டாவில் வி.எஸ்.ஏ. வேலை ஒன்றுதான்.

நீங்கள் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கிறீர்கள், வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்ற இரண்டையும் ஒரு விநாடிக்குள் பல முறை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதன் வேலை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், நீங்கள் பிரேக்கை மிதிக்காமலேயே குறிப்பிட்ட ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்கும். வண்டியின் பின்பக்கம் வெளியே வீசினால் வளைவின் வெளிப்புற முன் சக்கரத்தைப் பிடிக்கும். முன்பக்கம் திரும்பாமல் நேராக வழுக்கினால் உட்புற பின் சக்கரத்தைப் பிடிக்கும். தேவைப்பட்டால் என்ஜின் வேகத்தையும் குறைக்கும்.

போஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து 1995-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தன. 1997 அக்டோபரில் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில், திடீரென ஒதுங்கித் திரும்பிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது. அதன்பிறகு அந்தச் சிறிய காருக்கும் இந்த வசதி கட்டாயமாகப் பொருத்தப்பட்டது. உலகம் முழுக்க இது பேசுபொருளானது அப்போதுதான்.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, இ.எஸ்.சி. இருந்தால் வேறு வண்டி மோதாமல் தானாகவே தடம்புரளும் விபத்துகள் கார்களில் 34 சதவீதமும், எஸ்.யூ.வி.களில் 59 சதவீதமும் குறையும் என 2007-ல் கணக்கிட்டது. அங்கே 2012 மாடல் ஆண்டு முதல் எல்லா கார்களிலும் கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் கட்டாயம். இந்தியாவில் 2023 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்த பாரத் என்.சி.ஏ.பி. மதிப்பீட்டில் 3 நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க இ.எஸ்.சி. இருந்தாக வேண்டும். அதனால் சிறிய கார்களிலும் இந்த விளக்கு இப்போது சாதாரணமாகிவிட்டது.

விளக்கு என்ன சொல்கிறது?

சாவியைப் போட்டதும் எரிந்து சில விநாடிகளில் அணைந்தால் அது வழக்கமான சுயபரிசோதனை. ஓடும்போது வேகமாக மின்னினால், சக்கரம் வழுக்குகிறது, சிஸ்டம் தலையிடுகிறது என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுப்பது மட்டும்தான்.

அதே படத்தோடு ‘ஆஃப்’ என்ற எழுத்தும் எரிந்தால், யாரோ பட்டனை அழுத்தி அணைத்திருக்கிறார்கள். துணியால் துடைக்கும்போது கைபட்டும் இது நடக்கும். பட்டனை மறுபடி அழுத்திப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லாமல் நிலையாக எரிந்தால்தான் கோளாறு. ஒரு சென்சார் சொல்வதை நம்ப முடியவில்லை என்றால், தப்பான கணக்கை வைத்துக்கொண்டு பிரேக் பிடிப்பதை விட சும்மா இருப்பதே மேல் என்று சிஸ்டம் ஒதுங்கிக்கொள்ளும்.

எந்தெந்த சென்சார்கள்?

*வீல் ஸ்பீடு சென்சார்:* சக்கரத்துக்கு ஒன்று வீதம் நான்கு. ஏ.பி.எஸ்.ஸுக்கும் இதுதான். சக்கரத்தோடு சுற்றும் ஒரு பல் வளையத்தையோ, ஹப் பேரிங்கின் சீலில் உள்ள காந்த வளையத்தையோ எண்ணும். வளையத்தில் 48 பல் இருந்து, சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு சுமார் 420 துடிப்புகள் வரும். அதில் ஒன்றிரண்டு தவறினாலே சிஸ்டத்துக்குத் தெரிந்துவிடும்.

*ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார்:* ஸ்டீயரிங் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று சொல்லும்.

*யா ரேட் சென்சார்:* வண்டி தன் அச்சில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று சொல்லும். பக்கவாட்டு விசையை அளக்கும் சென்சாரும் பெரும்பாலும் இதே டப்பாவில் இருக்கும். பல கார்களில் இரண்டு முன் சீட்டுகளுக்கு நடுவே, கன்சோலுக்கு அடியில் தரையில் இருக்கும்.

*பிரேக் பிரஷர் சென்சாரும் பிரேக் லைட் சுவிட்சும்:* நீங்கள் பிரேக் மிதிக்கிறீர்களா, எவ்வளவு என்று சொல்லும். சுவிட்ச் விலை குறைவு. ஆனால் அது பழுதானாலும் இந்த விளக்கு எரியும்.

இவற்றில் கடற்கரை ஊரில் அதிகம் அடிவாங்குவது வீல் ஸ்பீடு சென்சார்தான். காரணம் எளிது: மற்றவை வண்டிக்குள் இருக்கின்றன. இது மட்டும் மட்கார்டுக்கு அடியில், தண்ணீரும் மண்ணும் உப்பும் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது.

உப்புக்காற்று என்ன செய்கிறது?

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துவிடும்.

அப்படியென்றால் என்ன? உள்மாவட்டத்தில் ஓடும் கார் மழையில் நனைந்தால் வெயிலில் காய்ந்துவிடும். கடலோரத்தில் நிற்கும் காரின் அடிப்பாகத்தில் படிந்த உப்புப் படலம் முழுசாகக் காய்வதே இல்லை. மழையே இல்லாத மாதத்திலும் மின்சாரம் கடத்தும் ஓர் ஈரப்பூச்சு அங்கே இருந்துகொண்டே இருக்கும். நாட்டிலேயே உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த பெரிய மையம் தூத்துக்குடி. உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலைகளில் தினமும் ஓடும் வண்டிக்கு இது இரட்டிப்பாகிறது.

இந்த ஈரப்பூச்சு மூன்று வழிகளில் வேலையைக் காட்டும்.

ஒன்று, கப்ளருக்குள் பச்சை பூக்கும். செம்பும் குளோரைடும் சேர்ந்தால் வரும் பச்சைத் தூள் அது. பின் மேல் படிந்து மின்தடையைக் கூட்டும்.

இரண்டு, கசிவு. இப்போதைய கார்களில் உள்ள ‘ஆக்டிவ்’ வகை சென்சார் தன் செய்தியை மின்னோட்டமாக அனுப்புகிறது. வளையத்தின் ஒரு பகுதி வரும்போது சுமார் 7 மில்லி ஆம்பியர், அடுத்த பகுதி வரும்போது சுமார் 14. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கன்ட்ரோல் யூனிட் எண்ணுகிறது. கப்ளரின் இரண்டு பின்களுக்கு நடுவே உப்புநீர் பாலம் போட்டால் கூடுதல் மின்னோட்டம் கசியும், கணக்கு குழம்பும். சென்சார் நன்றாகவே இருக்கும். காலையில் பனி ஈரத்தில் எரியும் விளக்கு, வெயில் ஏறிய பிறகு வண்டியை அணைத்துப் போட்டால் எரியாமல் இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மூன்று, துரு தூக்குவது. இரும்பு துருப்பிடித்தால் அதன் கன அளவு கூடும். சென்சார் உட்காரும் குழியில் துரு வளர்ந்தால் அது சென்சாரை மெதுவாக மேலே தள்ளும். சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள மிகச் சிறிய இடைவெளி கூடும். சிக்னல் பலவீனமாகும்.

அமெரிக்கா கற்ற பாடம்

இது நம் ஊர் பிரச்சினை மட்டும் இல்லை. பனி விழும் மாநிலங்களில் ஐஸ் உருக சாலையில் உப்பு கொட்டுவார்கள். 2005-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அந்த ‘உப்பு மாநிலங்களில்’ ஓடிய சுமார் 8 லட்சம் பிக்கப் டிரக், எஸ்.யூ.வி. வண்டிகளைத் திரும்ப அழைத்தது. முன் ஹப்புக்கும் வீல் சென்சாருக்கும் நடுவே துரு வளர்ந்து, வண்டி நிற்கப்போகும் குறைந்த வேகத்தில் தேவையில்லாமல் ஏ.பி.எஸ். வேலை செய்தது. பிரேக் மிதி அதிரும், வண்டி எதிர்பார்த்ததைவிடத் தள்ளிப்போய் நிற்கும். அங்கே செய்த சரிசெய்தலில் முக்கியமானது, சென்சார் உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து துரு தடுப்புப் பூசுவது.

உங்கள் வண்டியிலும் காய்ந்த சாலையில், சிக்னலில் நிற்கும் கடைசி நொடியில் பிரேக் மிதி கடகடவென அதிர்கிறதா? விளக்கு எரியாவிட்டாலும் உடனே வீல் சென்சார் இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபால்ட் கோடு சொல்வது பாதிக் கதை

ஸ்கேனரில் வரும் கோடின் முதல் எழுத்து எந்தப் பகுதி என்று சொல்லும். ‘சி’ என்றால் பிரேக், ஸ்டீயரிங் அடங்கிய சேஸி. ‘யூ’ என்றால் கன்ட்ரோல் யூனிட்டுகளுக்கு இடையேயான தகவல் தொடர்பு. பல கார்களில் சி0035 முன் இடது வீல் சென்சார் சர்க்யூட்டையும், சி0040 முன் வலதையும் குறிக்கும். யூ0126 என்றால் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரோடு தொடர்பு அறுந்துவிட்டது.

கவனிக்க வேண்டிய சொல் ‘சர்க்யூட்’. சென்சார், அதன் வயர், கப்ளர், வளையம், கன்ட்ரோல் யூனிட் வரை போகும் மொத்தப் பாதைக்கும் அதுதான் பெயர். கோடு அந்தப் பாதையைக் காட்டும். பாதையில் எங்கே அடைப்பு என்று நாம்தான் தேட வேண்டும்.

இன்னொன்று. ஆன்லைனில் வாங்கும் விலை குறைந்த புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் என்ஜின் கோடுகளை மட்டும்தான் படிக்கும். “கோடு எதுவும் வரலையே” என்று நிம்மதியாகிவிட வேண்டாம். ஏ.பி.எஸ்., இ.எஸ்.சி. யூனிட்டைப் படிக்கும் கருவியா என்று கேளுங்கள்.

ஒரே கோடு, ஐந்து காரணம்

‘முன் இடது வீல் சென்சார்’ என்று வந்துவிட்டது. இப்போது ஸ்கேனரில் ‘லைவ் டேட்டா’ பகுதியைத் திறந்து, ஒருவர் ஓட்ட இன்னொருவர் நான்கு சக்கர வேகத்தையும் பார்க்க வேண்டும். நேரான சாலையில் நான்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். அந்த ஒரு சக்கரம் எப்படித் தவறுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

*எந்த வேகத்திலும் பூஜ்யம்:* வயர் அறுந்திருக்கலாம், கப்ளர் கழன்றிருக்கலாம், சென்சார் செத்திருக்கலாம். சமீபத்தில் ஹப் பேரிங் மாற்றியிருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் சென்சார் வெறும் சீலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

*வேகத்தில் சரி, 10 கிலோமீட்டருக்குக் கீழே பூஜ்யம்:* இடைவெளி கூடிவிட்டது. துரு தூக்கியிருக்கலாம், அல்லது சென்சார் முனையில் மண் அப்பியிருக்கலாம்.

*பள்ளத்தில் விழும்போதோ ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பும்போதோ மட்டும் விட்டுப்போகிறது:* வயர் உள்ளுக்குள் முறிந்திருக்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது வளையும் இடத்தில், வெளித்தோல் நன்றாக இருந்தாலும் உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

*சக்கரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் ஒருமுறை துள்ளுகிறது:* வளையத்தில் விரிசல், அல்லது ஒரு பல் போயிருக்கிறது. காந்த வளையத்தில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தாலும் இப்படித்தான். வேகம் கூடக் கூட துள்ளலும் கூடும். பேரிங் ஆட்டம் கொடுத்தாலும் சிக்னல் கூடிக் குறையும்.

*எப்போதும் மற்றதைவிட கொஞ்சம் கூடுதல்:* சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. அந்த டயர் சிறியது, அல்லது காற்று குறைவு. சின்ன டயர் அதிகச் சுற்று சுற்றும். 60-ல் போகும்போது ஒரு சக்கரம் மட்டும் தொடர்ந்து 62 காட்டினால் டயர் அளவைப் பாருங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தேய்ந்தது என்று போட்டாலும் வித்தியாசம் வரும்.

இந்த ஐந்தில் பெரும்பாலானவை புதிய சென்சார் வாங்கினால் மட்டும் தீராது.

ஸ்டீயரிங் சென்சார்: பாதி நேரம் அது பழுதே அல்ல

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகோ, வீல் அலைன்மென்ட் செய்த பிறகோ விளக்கு வந்ததா? அப்படியானால் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார் ‘நேர்’ எது என்பதை மறந்திருக்கலாம். சில கார்களில் ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்பி, நேராகச் சிறிது தூரம் ஓட்டினாலே கற்றுக்கொள்ளும். மற்ற கார்களில் ஸ்கேனர் வைத்து ‘கேலிபரேஷன்’ செய்ய வேண்டும்.

சோதிப்பது எளிது. நேரான சாலையில் வண்டி நேராகப் போகும்போது லைவ் டேட்டாவில் கோணம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். வண்டி நேராகப் போகும்போதும் ஸ்டீயரிங் கோணலாக நின்றால் முதலில் அலைன்மென்ட்டைச் சரிசெய்து, பிறகு கேலிபரேஷன் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டு வேலையும் வீண்.

ஹாரன் அடிக்கவில்லை, ஏர்பேக் விளக்கும் எரிகிறது என்றால் ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஸ்பைரல் கேபிள் போயிருக்கலாம். ஏர்பேக் இருக்கும் இடம் அது. வீட்டில் கழற்றிப் பார்க்கக் கூடாது.

யா சென்சாரும் 2023 வெள்ளமும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், தூத்துக்குடி நகர் என பல இடங்களில் கார்கள் நீரில் நின்றன.

சீட் மட்டம் வரை நீர் ஏறிய காரில் தரையோடு இருக்கும் யா சென்சாரும், கார்ப்பெட்டுக்கு அடியில் போகும் வயரிங்கும் நனைந்திருக்கும். மேலே காய்ந்துவிட்டாலும் கார்ப்பெட்டின் அடிப்பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். அப்போது ஓடிய வண்டியில் மாதங்கள், வருடங்கள் கழித்தும் துரு வேலையைக் காட்டும். இங்கே பழைய கார் வாங்கப் போகிறீர்கள் என்றால் கன்சோல் ஓரம், சீட் ரெயில் போல்ட், கார்ப்பெட்டின் அடிப்பகுதி ஆகியவற்றில் வண்டல் மண்ணோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள்.

சோதனை: சமதளத்தில் வண்டியை அசையாமல் நிறுத்தினால் யா ரேட்டும் பக்கவாட்டு விசையும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இடதும் வலதும் மெதுவாகத் திருப்பினால் ப்ளஸ், மைனஸ் என மாற வேண்டும். நிற்கும் வண்டி சுழல்வதாகக் காட்டினால் சென்சாரோ, அதன் போல்ட்டோ, கேலிபரேஷனோ காரணம். கன்சோலைக் கழற்றி ஆக்சஸரீஸ் வேலை பார்த்திருந்தால், போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூஜ்யம் செட் செய்யும்போது சமதளம் முக்கியம். சரிவில் வைத்துச் செய்தால் சரிவையே நேர் என்று கற்றுக்கொள்ளும்.

சரியான வரிசை இதுதான்

1. பேட்டரி. அணைத்து நிற்கும்போது சுமார் 12.4 முதல் 12.6 வோல்ட், ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். பேட்டரி சோர்ந்தால் பல விளக்குகள் ஒன்றாக எரியும்.
2. நான்கு டயரும் ஒரே அளவா, காற்று சரியா, ஃப்யூஸ் சரியா, பிரேக் மிதித்தால் பின் விளக்கு எரிகிறதா?
3. எல்லா யூனிட்டுகளின் கோடுகளையும் படித்துக் குறித்துவைப்பது. எடுத்த எடுப்பில் அழித்துவிட்டால் தடயமே போய்விடும்.
4. லைவ் டேட்டாவோடு ஓட்டிப் பார்ப்பது.
5. சந்தேகப்படும் சக்கரத்தில் வயர், கப்ளர், சென்சார் முனை, வளையம் ஆகியவற்றைக் கண்ணால் பார்ப்பது.
6. லைவ் டேட்டா ஓடும்போதே வயரையும் கப்ளரையும் கையால் அசைத்துப் பார்ப்பது.
7. இடது, வலது சென்சார் ஒரே மாதிரி என்றால் மாற்றிப் போட்டுப் பார்ப்பது. கோளாறு அடுத்த பக்கம் தாவினால் சென்சார்தான். அதே பக்கம் நின்றால் வயரோ வளையமோ பேரிங்கோ.
8. மல்டிமீட்டரில் சப்ளை வோல்டேஜும் எர்த்தும் சரிபார்ப்பது. பழைய சுருள் வகை சென்சாருக்கு ஓம் அளவு பார்க்கலாம். ஆக்டிவ் சென்சாருக்கு அந்த அளவு எதையும் சொல்லாது.
9. சரிசெய்த பிறகு கோடை அழித்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி ஸ்கேன் செய்வது. பல கார்களில் வண்டி கொஞ்சம் வேகமெடுத்து நான்கு சக்கர சிக்னலும் வந்த பிறகுதான் விளக்கு அணையும்.

வயரை முறுக்கி டேப் சுற்றினால் போதுமா?

போதாது. இங்கே அது கெடுதலும்கூட. டேப்புக்குள் புகுந்த உப்புநீர் வெளியே வராது, உள்ளேயே செம்பைத் தின்னும். கப்ளர் மட்டும் பச்சை பூத்திருந்தால் எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவலாம். ரப்பர் சீல் கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். வயரின் உள்ளே கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூட வேண்டும். சக்கரத்தோடு அசையும் பகுதியில் ஒட்டு நிற்காது. அங்கே வயரோடு சேர்ந்த சென்சாரையே மாற்றுவதுதான் சரி. மாற்றும்போது குழியில் உள்ள துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்யாவிட்டால் புது சென்சாரும் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

விளக்கு எரியும்போது ஓட்டலாமா?

இ.எஸ்.சி. விளக்கு மட்டும் என்றால் ஓட்டலாம், சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் வளைவில் வழுக்கினால் காப்பாற்ற யாரும் இல்லை என்று நினைத்து ஓட்டுங்கள். ஹில் ஹோல்ட், குரூஸ் கன்ட்ரோலும் நின்றிருக்கலாம். தூத்துக்குடியில் மேடு இல்லாததால் தெரியாது. கொடைக்கானல் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருளும்.

ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிந்தால், மழையில் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தால் சக்கரம் பூட்டி வழுக்கும். திருநெல்வேலி, மதுரை நான்குவழிச் சாலைகளில் ஈரத்தில் வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் லாரியோடு இடைவெளியைக் கூட்டுங்கள். சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் முன், பின் பிரேக்கைச் சமப்படுத்தும் வசதியும் போயிருக்கலாம், பிரேக் ஆயிலும் குறைந்திருக்கலாம். ஓரமாக நிறுத்தி உதவி கேளுங்கள்.

தூத்துக்குடியில் 2025 ஆகஸ்ட் 4-ல் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை திறக்கப்பட்டது. “மின்சார காரில் இதெல்லாம் இருக்காதே?” என்றால், இருக்கும். அதே வீல் சென்சார், அதே உப்பு. பல மின்சார மாடல்களில் இந்த சிக்னல் போனால், காலை எடுத்ததும் வண்டியை மெதுவாக்கும் ரீஜென் பிரேக்கிங்கும் குறைந்துவிடும்.

ஒர்க்ஷாப்பில் இதைக் கேளுங்கள்

- ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரின்ட் அல்லது போட்டோவாகக் கொடுங்கள்.
- லைவ் டேட்டாவில் அந்தச் சக்கரம் எப்படித் தவறுகிறது?
- கப்ளரையும் வளையத்தையும் கழற்றிப் பார்த்தீர்களா?
- சென்சார்தான் என்று எப்படி உறுதி செய்தீர்கள்?
- கழற்றிய பழைய பார்ட்டை என்னிடம் கொடுங்கள். பில்லில் புதிய பார்ட்டின் நம்பரும் வாரண்டியும் இருக்கட்டும்.

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். தேவையில்லாத பார்ட்டுக்குப் பணம் வாங்கிவிட்டு, பில்லும் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

வராமல் தடுக்க

வாரம் ஒருமுறை வண்டியின் அடிப்பாகத்தையும் நான்கு மட்கார்டு உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ‘நல்ல தண்ணீர்’ என்பதுதான் முக்கியம். கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுவதாகும். பிரஷர் வாட்டர் கன்னைக் கப்ளர் மீது நேராகக் காட்ட வேண்டாம். கடற்கரை மணலில் இறங்கினால், கடல்நீர் தெறித்தால் அன்றைக்கே கழுவுங்கள்.

டயர் மாற்றவோ பிரேக் பேட் போடவோ சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் சென்சார் வயர் கிளிப்பில் இருக்கிறதா, கப்ளர் இறுக்கமா, குழியில் துரு உண்டா என்று ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன், அதாவது செப்டம்பர் வாக்கில் ஒருமுறை இதைச் செய்துவிட்டால், அக்டோபரில் சாலை நனையும்போது அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்துப் பதற வேண்டியிருக்காது.